திஸ் மார்ட்டல் காயில்

திஸ் மார்ட்டல் காயில் என்பது 1983 முதல் 1991 வரை இங்கிலாந்தின் இலண்டன் நகரில் இயங்கிய ஓர் இசைக்கூட்டு ஆகும். 4ஏடி என்னும் இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல் இதனை உருவாக்கி வழிநடத்தினார். கனவுப் பாப் என்று இன்று வழங்கப்படும் இசைவகையின் தொடக்ககாலப் படைப்புகளுள் இக்கூட்டின் மூன்று இசைத்தொகுப்புகளும் வைத்து எண்ணப்படுகின்றன. இதற்கு நிலையான பாடகர் எவரும் இருந்ததில்லை. ஒவ்வொரு தொகுப்பிலும், பெரும்பாலும் ஒவ்வொரு பாடலிலும், பாடுபவர் மாறினார். இக்கூட்டு ஒரு முறைகூட மேடையேறியதும் இல்லை.

எனவே இதனை இசைக்குழு என்று அழைப்பது பொருந்துமா என்பதே விவாதத்துக்கு உரியது. இக்கட்டுரையில் வசதிக்காகவே குழு என்ற சொல் ஆளப்படுகிறது. திரைப்படப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒருவர் மெட்டைத் தேர்ந்து, அதற்கு ஏற்ற குரலை அழைத்துப் பாடவைத்து, இறுதி வடிவத்தைத் தாமே முடிவு செய்வது நமக்குப் பழகிய வழக்கமே. ஆனால் நால்வர் சேர்ந்து எழுதி, நால்வரும் மேடையில் நிற்பதையே குழு என்று கருதும் மேற்கத்திய ராக் இசை உலகில் இது விதிவிலக்காக இருந்தது. மேலும், இங்கு மையத்தில் இருந்த ஐவோ முறையாக இசைக்கருவி பயின்றவர் அல்லர். அவர் ஓர் இசைத்தட்டுக் கடையில் பணியாற்றியவர், தேர்ந்த இரசிகர்.

பெயர்க் காரணம்

இப்பெயர் சேக்சுபியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் புகழ்பெற்ற தனிமொழியில் உள்ள ஒரு தொடர் ஆகும். அழியக்கூடிய இவ்வுடலோடும் உலக வாழ்வின் அலைச்சலோடும் பிணைந்திருக்கும் நிலையை அது குறிக்கிறது. தமிழில் ‘இம்மானிட வாழ்வின் சுழல்’ என்று ஏறத்தாழப் பொருள் கொள்ளலாம். எனினும் ஐவோ இதனை நாடகத்திலிருந்து நேராக எடுக்கவில்லை. ஸ்பிரிட் என்னும் அமெரிக்க ராக் குழு 1968 இல் வெளியிட்ட ஒரு பாடலில் இத்தொடர் வருகிறது. அங்கிருந்தே அவர் அதனைப் பெற்றார். பழைய இசைத்தட்டுகளில் தாம் விரும்பியவற்றை மீட்டெடுத்துப் புதிய சூழலில் வைப்பது அவரது வழக்கம். குழுவின் பெயரும் அவ்வழியிலேயே அமைந்தது எனலாம்.

பின்னணி

1970களின் இறுதியில் பெக்கர்ஸ் பாங்கெட் என்ற நிறுவனம் இலண்டனில் இசைத்தட்டுக் கடைகளையும் ஒரு வெளியீட்டு நிறுவனத்தையும் நடத்திவந்தது. அக்கடைகளில் பணியாற்றிய ஐவோவுக்கும் பீட்டர் கென்ட் என்பவருக்கும், புதிய கலைஞர்களை வெளியிட ஒரு துணை நிறுவனம் தொடங்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது. 1980 இன் தொடக்கத்தில் ஆக்சிஸ் என்ற பெயரில் நான்கு சிறுதட்டுகள் வெளிவந்தன. அப்பெயரில் வேறொரு நிறுவனம் ஏற்கெனவே இருந்ததால் 4ஏடி எனப் பெயர் மாற்றப்பட்டது. பீட்டர் கென்ட் விரைவிலேயே விலகினார். அதன் பின்னர் எக்குழுவை வெளியிடுவது என்பது பெரும்பாலும் ஐவோ ஒருவரின் செவியைப் பொறுத்ததாயிற்று.

காக்டூ ட்வின்ஸ், டெட் கேன் டான்ஸ், மாடர்ன் இங்கிலீஷ், கலர்பாக்ஸ், தி வுல்ஃப்காங் பிரெஸ் முதலிய குழுக்கள் அடுத்த சில ஆண்டுகளில் இந்நிறுவனத்தில் சேர்ந்தன. வான் ஆலிவர் என்ற வடிவமைப்பாளரும் நைஜல் கிரியர்சன் என்ற ஒளிப்படக் கலைஞரும் ‘23 என்வலப்’ என்ற பெயரில் உறைகளை உருவாக்கினர். மங்கலான உருவங்கள், துரு, துணியின் மடிப்பு, எளிதில் படிக்க இயலாத எழுத்துகள் என ஒரு தனிச்சாயல் அவற்றுக்கு இருந்தது. உறையைக் கண்டே நிறுவனத்தை அடையாளம் காணும் நிலை ஏற்பட்டது.

இக்குழுக்கள் பலவும் ஒரே இடத்தில் ஒலிப்பதிவு செய்தன என்பது முக்கியமானது. தென்கிழக்கு இலண்டனில் வழிபாடு நிறுத்தப்பட்ட ஒரு தேவாலயக் கட்டடத்தில் எரிக் ராட்கிளிஃப் நடத்திய பிளாக்விங் ஒலிப்பதிவுக் கூடம் இயங்கியது. டெப்பீஷ் மோடு, யாசூ ஆகிய மின்னணு இசைக்குழுக்களின் தொடக்ககாலப் பதிவுகளும் அங்கேயே நிகழ்ந்தன. ஜான் ஃபிரையர் என்ற இளம் ஒலிப்பொறியாளர் அங்கு பணியாற்றினார். திஸ் மார்ட்டல் காயிலின் மூன்று தொகுப்புகளிலும் ஐவோவுடன் இணைந்து நின்ற ஒரே நிலையான பெயர் இவருடையதே.

தற்செயலான தொடக்கம் (1983)

மாடர்ன் இங்கிலீஷ் குழுவினர் தம் நிகழ்ச்சிகளின் முடிவில் ‘சிக்ஸ்டீன் டேஸ்’, ‘கேதரிங் டஸ்ட்’ என்னும் தம் பழைய பாடல்கள் இரண்டை இணைத்து வாசிப்பது வழக்கம். 1983 இல் அதனைக் கேட்ட ஐவோ, அவ்விணைப்பைப் புதிதாகப் பதிவு செய்யுமாறு அவர்களிடம் கூறினார். அவர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. ஆகவே தாமே ஆட்களைத் திரட்டிப் பதிவு செய்ய ஐவோ முடிவு செய்தார். சின்டிடாக் குழுவின் கார்டன் ஷார்ப், காக்டூ ட்வின்ஸ் பாடகி எலிசபெத் ஃபிரேசர், கலர்பாக்ஸ் குழுவின் மார்ட்டின் யங், மாடர்ன் இங்கிலீஷ் குழுவிலிருந்தே மிக் கான்ராய், கேரி மெக்டவல் ஆகியோர் பங்கேற்றனர்.

தட்டின் மறுபக்கத்துக்கு ஒரு பாடல் தேவைப்பட்டது. ஐவோ நெடுங்காலமாக விரும்பிக் கேட்டுவந்த ‘சாங் டு த சைரன்’ என்ற பாடலை ஃபிரேசரைப் பாடச் சொன்னார். மறுபக்கத்தை நிரப்புவதற்காகத் தேர்ந்த அப்பாடலே குழுவின் வரலாற்றை முடிவு செய்தது. முதன்மையாக எண்ணப்பட்ட இணைப்புப் பாடலை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே.

சாங் டு த சைரன்

அமெரிக்கப் பாடகர் டிம் பக்லி, கவிஞர் லாரி பெக்கெட் ஆகிய இருவரும் 1967 இல் இப்பாடலை இயற்றினர். கிரேக்கக் கவிஞர் ஓமரின் ஒடிசி காவியத்தில், தம் பாட்டின் இனிமையால் மாலுமிகளை ஈர்த்துப் பாறைகளில் மோதி அழியச்செய்யும் சைரன்கள் வருகின்றனர். அச்சைரனை நோக்கி ஒரு மாலுமி பாடுவதாக இப்பாடல் அமைந்துள்ளது. 1968 மார்ச்சில் தி மங்கீஸ் தொலைக்காட்சித் தொடரின் கடைசி நிகழ்ச்சியில் பக்லி இதனைத் தனியே கித்தாருடன் பாடினார். ஆனால் உடனே இசைத்தட்டில் பதியவில்லை. வரிகளில் ஓர் உவமை நகைப்புக்கு இடமளித்ததால் அவர் தயங்கியதாகக் கூறப்படுகிறது. பின்னர் அவ்வுவமை மாற்றப்பட்டு, 1970 இல் ஸ்டார்செய்லர் என்ற தொகுப்பில் இப்பாடல் இடம்பெற்றது. இதற்கிடையே 1969 இல் பேட் பூன் என்ற புகழ்பெற்ற பாடகர் இதனை முதலில் இசைத்தட்டில் வெளியிட்டுவிட்டார் என்பது ஒரு வேடிக்கை.

ஸ்டார்செய்லர் தொகுப்பு விற்பனையில் தோல்வியுற்றது. பக்லி 1975 சூனில் தமது 28ஆம் வயதில் இறந்தார். 1983 இல் பிரித்தானிய இளைஞர்களிடையே அவர் பெயர் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது.

ஐவோவின் முதல் எண்ணம், எந்த இசைக்கருவியும் இன்றி ஃபிரேசரின் குரல் மட்டும் ஒலிக்க வேண்டும் என்பதாக இருந்தது. குரலுக்கு இடையில் வரும் வெற்றிடங்களை எதனால் நிரப்புவது என்ற சிக்கல் எழுந்தது. ஃபிரேசரின் இணையரும் காக்டூ ட்வின்ஸ் குழுவின் கித்தார் கலைஞருமான ராபின் கத்ரீ, கூடத்தின் சுவரில் சாய்ந்துகொண்டு, அதிக ஈடுபாடு இன்றி, ஒரே முறை கித்தாரை வாசித்ததாக இந்நிகழ்வு பற்றிய நினைவுகள் தெரிவிக்கின்றன. பின்னர் அக்கித்தாரை நீக்கிப் பார்க்க முயன்றும் பாடல் நிற்கவில்லை. ஆகவே அது அப்படியே விடப்பட்டது. முடிவில் கிடைத்தது ஒரு குரல், ஒரு கித்தார், அவற்றைச் சூழ்ந்த எதிரொலி ஆகியவை மட்டுமே. தாளக்கருவி இல்லை.

ஃபிரேசர் தம் சொந்தக் குழுவில் பாடும்போது சொற்கள் பெரும்பாலும் தெளிவாகக் கேட்பதில்லை. பொருளைவிட ஒலிக்கே அவர் முதன்மை தந்தார்; இல்லாத சொற்களையும் பாடினார். இப்பாடலில் மட்டும் மற்றொருவர் எழுதிய வரிகளை ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி பாடவேண்டியிருந்தது. சொல்லைக் கடந்து செல்லும் குரல், சொல்லுக்குள் அடங்கிநின்று பாடுவதால் எழும் இறுக்கமே இப்பதிவின் ஆற்றல் எனலாம். மேலும், மூலத்தில் சைரனை நோக்கி ஓர் ஆண் பாடுகிறார். இங்கே கேட்பவருக்குச் சைரனே பாடுவதுபோலத் தோன்றுகிறது.

1983 செப்டம்பரில் வெளிவந்த இப்பாடல் பிரித்தானியப் பொதுத் தரவரிசையில் 66ஆம் இடத்துக்கு மேல் செல்லவில்லை. ஆனால் சிறு நிறுவனங்களின் வெளியீடுகளுக்கான தனித் தரவரிசையில் நூறு வாரங்களுக்கும் மேலாக நீடித்தது. வெடித்து அடங்கும் வெற்றியாக அல்லாமல், ஒருவர் மற்றொருவருக்குக் கேட்கக் கொடுத்து மெல்லப் பரவிய வெற்றியாக அது இருந்தது.

எதிரொலியின் பங்கு

இக்குழுவின் இசையைப் புரிந்துகொள்ள அதன் ஒலியமைப்பு பற்றிச் சிறிது அறிவது பயன்தரும். ஒரு மூடிய இடத்தில் எழும் ஒலி நேராகவும், சுவர், கூரை முதலியவற்றில் பட்டுத் திரும்பியும் செவியை அடைகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், திரும்பிவரும் அலைகள் சற்றுத் தாமதமாக வந்து சேர்கின்றன. எண்ணற்ற இத்தகைய அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மூல ஒலி நின்ற பின்னும் தேய்ந்துகொண்டே நீடிப்பதைத் தொடரொலிப்பு எனலாம். சிறிய அறையில் இது ஒரு நொடிக்கும் குறைவாகவே இருக்கும். கற்சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட பெருங்கோயில்களில் பல நொடிகள் நீடிக்கும். நம் பழைய கோயில் மண்டபங்களில் கைதட்டிப் பார்த்தவர்கள் இதனை உணர்ந்திருப்பர்.

மனித மூளை இத்தொடரொலிப்பைக் கொண்டு இரண்டு செய்திகளை ஊகிக்கிறது. ஒன்று, இடத்தின் பரப்பு. மற்றொன்று, ஒலி எழுப்புபவர் இருக்கும் தொலைவு. நேரொலி மிகுந்தால் அருகிலும், திரும்பும் ஒலி மிகுந்தால் தொலைவிலும் இருப்பதாகத் தோன்றும். 1980களின் தொடக்கத்தில் எண்முறைத் தொடரொலிப்புக் கருவிகள் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்தபோது, உண்மையில் இருக்க இயலாத இடங்களையும் செயற்கையாக உருவாக்க முடிந்தது. காதருகே முணுமுணுப்பதுபோன்ற குரலுக்கு ஒரு பேராலயத்தின் தேய்வொலியைச் சேர்த்தால், குரல் அருகிலும் தொலைவிலும் ஒரே நேரத்தில் இருப்பதாக மூளை தடுமாறும். கனவுப் பாப் என்ற பெயரில் உள்ள ‘கனவு’ பெரும்பாலும் இத்தடுமாற்றமே. நினைவிலிருந்தோ உறக்கத்திலிருந்தோ ஒலிப்பதுபோன்ற உணர்வை அது தருகிறது.

அப்பெயர் 1980களின் பிற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. தம் இசையைக் குறிக்க ஏ.ஆர். கேன் குழுவின் அலெக்ஸ் அயூலி அதனைப் பயன்படுத்தியதாகவும், இசைத் திறனாய்வாளர் சைமன் ரெனால்ட்ஸ் அதனைப் பரப்பியதாகவும் பொதுவாகக் கூறப்படுகிறது. எனவே திஸ் மார்ட்டல் காயிலின் முதல் தொகுப்பு வெளிவந்தபோது அதனைக் குறிக்க இச்சொல் இல்லை.

இட்'ல் எண்ட் இன் டியர்ஸ் (1984)

சிறுதட்டின் வரவேற்பைக் கண்ட ஐவோ முழுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். 1984 அக்டோபரில் வெளிவந்த இதில் பன்னிரண்டு பாடல்கள் இருந்தன. ஏறத்தாழப் பாதி பிறருடைய பாடல்கள். எஞ்சியவை பங்கேற்ற கலைஞர்கள் புதிதாக உருவாக்கியவை. பிரித்தானியத் தரவரிசையில் இது 38ஆம் இடத்தை எட்டியது. பின்வந்த இரண்டு தொகுப்புகளும் அவ்விடத்தை எட்டவில்லை.

ஐவோவின் தேர்வுகளுள் அமெரிக்காவின் மெம்பிசு நகரைச் சேர்ந்த பிக் ஸ்டார் குழுவின் இரு பாடல்கள் குறிப்பிடத்தக்கவை. 1974 இல் பதியப்பட்டு, வெளியிட யாரும் முன்வராமல் 1978 வரை கிடப்பில் இருந்த அக்குழுவின் மூன்றாம் தொகுப்பிலிருந்து ‘கங்காரு’, ‘ஹோலோகாஸ்ட்’ ஆகியவை எடுக்கப்பட்டன. முதலாவதை கார்டன் ஷார்ப் பாடினார். (இவர் பின்னாளில் சின்டர் என்ற பெயரை ஏற்றார்.) இரண்டாவதை பஸ்காக்ஸ், மேகசின் ஆகிய குழுக்களின் வழியாகப் பங்க் இசையில் பெயர்பெற்ற ஹவர்ட் டிவோட்டோ பாடினார். சீற்றத்துக்கும் எள்ளலுக்கும் பெயர்போன ஒருவரிடம் மிகச் சோர்ந்த, தளர்ந்த பாடலை ஒப்படைத்தது துணிச்சலான தேர்வு. இக்கருத்தில் அனைவரும் உடன்படுவதில்லை.

ஃபிரேசர் இத்தொகுப்பில் மேலும் ஒரு பாடலை வழங்கினார். ராய் ஹார்ப்பர் 1970 இல் வெளியிட்ட ‘அனதர் டே’ என்ற அப்பாடலில் கித்தாருக்கு மாற்றாக நரம்பிசைக் கருவிகள் மட்டுமே ஒலிக்கின்றன. செல்லோ கலைஞர் மார்ட்டின் மெக்கரிக் இவ்விசையில் முதன்மைப் பங்கு வகித்தார். மாடர்ன் இங்கிலீஷ் குழுவின் பாடகர் ராபி கிரேவும் ஒரு பாடலுக்குக் குரல் கொடுத்தார். தம் குழு மறுத்த ஒரு யோசனையிலிருந்து பிறந்த தொகுப்பில் அவரே பாடியது முரண்நகை.

டெட் கேன் டான்ஸ் குழுவின் லீசா ஜெரார்ட் பாடிய பகுதிகள் முற்றிலும் வேறானவை. அவர் பிறர் பாடலைப் பாடவில்லை. எம்மொழியையும் சேராத ஒலிகளால் தாமே இயற்றியவற்றைப் பாடினார். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த கிளாடியேட்டர் திரைப்படத்தில் ஹான்ஸ் சிம்மருடன் இணைந்து அவர் அளித்த இசையைக் கேட்டவர்கள் அக்குரலை இங்கே உடனே அடையாளம் காண்பர்.

காக்டூ ட்வின்ஸ் குழுவின் பேஸ் கித்தார் கலைஞரான சைமன் ரேமண்டும் இதில் வாசித்தார். 1983 இன் இறுதியில்தான் அவர் அக்குழுவில் சேர்ந்திருந்தார்.

ஃபிலிக்ரீ அண்ட் ஷாடோ (1986)

இரண்டாம் தொகுப்பு இரட்டை இசைத்தட்டாக 1986 செப்டம்பரில் வெளிவந்தது. ஃபீவர் ட்ரீ என்ற அமெரிக்கக் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது. இருபத்தைந்து பகுதிகளில் ஏறத்தாழப் பாதி குரலற்ற சிறு இசைத்துண்டுகள். பாடல்களுக்கு இடையே அவை பாலங்களாக அமைந்து, ஒரு பக்கம் முழுவதையும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாகக் கேட்கும்படி செய்தன. இசைத்தட்டின் நான்கு பக்கங்களும் நான்கு இயல்களாக எண்ணி அமைக்கப்பட்டவை.

முதல் தொகுப்பின் குரல்கள் எவையும் இதில் இல்லை. ஃபிரேசர் வரவில்லை, ஷார்ப், ஜெரார்ட், டிவோட்டோ ஆகியோரும் வரவில்லை. ஏற்கெனவே புகழ்பெற்ற குரல்களுக்கு மாற்றாக, அதிகம் அறியப்படாதவர்களை ஐவோ நாடினார். கிளாஸ்கோ நகரின் சன்செட் கன் என்ற குழுவில் பாடிய டீட்ரி ரட்கௌஸ்கி, லூயிஸ் ரட்கௌஸ்கி சகோதரிகள், பிரெத்லெஸ் குழுவின் டொமினிக் ஆப்பிள்டன், நெதர்லாந்துப் பாடகர் ரிஷெனெல், அலிசன் லிமெரிக் முதலியோர் பாடினர். லிமெரிக் சில ஆண்டுகளுக்குப் பின் ‘வேர் லவ் லிவ்ஸ்’ என்ற நடன இசைப்பாடலால் புகழடைந்தார். அவ்விரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர் ஒரே குரல் என்று நம்புவது கடினம்.

ஆப்பிள்டன் பாடியவற்றுள் பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன் குழுவின் ‘த ஜுவலர்’, தி பேர்ட்ஸ் குழுவின் முன்னாள் உறுப்பினர் ஜீன் கிளார்க்கின் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்’ ஆகியவை அடங்கும். வான் மாரிசன், ஜூடி காலின்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் ஆகியோரின் பாடல்களும், மீண்டும் டிம் பக்லியின் பாடல்களும் இத்தொகுப்பில் உள்ளன.

மிக நீண்டது, ஒரே மனநிலையில் தேங்கிநிற்பது என்ற குறை இத்தொகுப்பின்மீது சொல்லப்படுவதுண்டு. அது முற்றிலும் தவறான கூற்று அன்று. ‘சாங் டு த சைரன்’ போன்ற ஒரு சிகரம் இதில் இல்லை. ஆயினும் எந்தக் குரலும் தனித்து ஓங்காததால் இங்குதான் ஐவோவின் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது. குரல்கள் கருவிகளைப் போலவே ஒரு பெரிய ஓவியத்தின் நிறங்களாகப் பயன்படுகின்றன.

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. இத்தொகுப்பு யாருடையது? பாட்டு ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது, வாசித்தவர்கள் வேறு சிலர். உறையின்மீது இருப்பதோ இவர்களுள் எவரையும் குறிக்காத ஒரு பெயர். அப்பெயருக்கு உரியவர் நிறுவனத்தின் தலைவரும்கூட. பாடியவர்கள் பலர் தம் சொந்தப் பாடல்களைவிடப் பிறருக்காகப் பாடிய இப்பதிவுகளாலேயே நினைவுகூரப்படுகின்றனர். காக்டூ ட்வின்ஸ் குழுவுக்கும் இது பொருந்தும். அவர்கள் தாமே எழுதிய பாடல்கள் ஏராளமாக இருக்க, ஃபிரேசரின் பெயருடன் பலர் முதலில் இணைப்பது பிறர் எழுதிய ஒரு பாடலை, பிறர் பெயரில் வந்த ஒரு பதிவை.

பிளட் (1991)

இடைப்பட்ட ஆண்டுகளில் 4ஏடி நிறுவனம் வெகுவாக மாறியது. 1987 இல் கலர்பாக்ஸ், ஏ.ஆர். கேன் ஆகிய இரு குழுக்களும் மார்ஸ் என்ற பெயரில் இணைந்து உருவாக்கிய ‘பம்ப் அப் த வால்யூம்’ பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. த்ரோயிங் மியூசஸ், பிக்ஸீஸ் ஆகிய அமெரிக்கக் குழுக்கள் நிறுவனத்தில் சேர்ந்தன. காக்டூ ட்வின்ஸ் 1990 இல் ஹெவன் ஆர் லாஸ் வேகாஸ் தொகுப்புடன் 4ஏடியிலிருந்து வெளியேறினர்.

1991 ஏப்பிரலில் வெளிவந்த மூன்றாம் தொகுப்பான பிளட் இம்மாற்றங்களைப் பிரதிபலித்தது. ரட்கௌஸ்கி சகோதரிகளும் ஆப்பிள்டனும் மீண்டும் பங்கேற்றனர். ஷெல்லியன் ஆர்ஃபன் குழுவின் கரோலைன் குராலி, ஹைடி பெரி ஆகியோர் புதிதாக வந்தனர். பிக்ஸீஸ் குழுவின் கிம் டீலும் த்ரோயிங் மியூசஸ் குழுவின் டான்யா டொனெலியும் ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’ என்ற பாடலை இணைந்து பாடினர்.

அப்பாடலின் பின்னணி தனியே கூறத்தக்கது. அதனை இயற்றிய கிரிஸ் பெல், பிக் ஸ்டார் குழுவை நிறுவியவர்களுள் ஒருவர். முதல் தொகுப்புக்குப் பின் குழுவிலிருந்து விலகிய அவர், தனியே பாடல்களைப் பதிந்தும் அவற்றை வெளியிட இயலாமல் தவித்தார். 1978 இல் ‘ஐ ஆம் த காஸ்மாஸ்’ என்ற பாடலும், மறுபக்கத்தில் இப்பாடலும் கொண்ட ஒரே ஒரு சிறுதட்டு மட்டும் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று கார் விபத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. அச்சிறுதட்டின் இரு பக்கங்களையும் ஐவோ பிளட் தொகுப்பில் சேர்த்தார். பெல்லின் சொந்தப் பதிவுகள் முழுத் தொகுப்பாக வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டான 1992 இல்தான். அதாவது, அவரது பாடல்களைப் பலர் முதலில் கேட்டது பிறர் குரலில், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த பின்னர்.

சிட் பாரட், ராட்னி குரோவெல், மேரி மார்கரெட் ஓ'ஹாரா, ஆஸ்திரேலியாவின் தி அபார்ட்மென்ட்ஸ் முதலியோரின் பாடல்களும் இதில் உள்ளன. துருக்கியக் கவிஞர் நாசிம் ஹிக்மெத், இரோசிமா அணுகுண்டு வீச்சில் இறந்த ஒரு சிறுமி பேசுவதாக எழுதிய கவிதை ஆங்கிலத்தில் பாடலாக வழங்கிவந்தது. தி பேர்ட்ஸ் குழு 1966 இல் அதனைப் பதிந்திருந்தது. அதுவும் இத்தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ஜீன் கிளார்க்கின் பாடல் ஒன்று இம்முறையும் இடம்பெற்றது. தொகுப்பு வெளிவந்த அடுத்த மாதமே, 1991 மே 24 அன்று, கிளார்க் இறந்தார்.

இதுவே இறுதித் தொகுப்பு. மூன்றுடன் நிறுத்திக்கொள்ள ஐவோ முடிவு செய்தார். பிரிவு என்று சொல்லும்படி எதுவும் நிகழவில்லை. நிலையான உறுப்பினர்களே இல்லாத குழு பிரிவதற்கும் வழியில்லை.

திரைப்படத்தில்

இயக்குநர் டேவிட் லிஞ்ச் 1986 இல் வெளிவந்த தம் ப்ளூ வெல்வெட் திரைப்படத்தில் ‘சாங் டு த சைரன்’ பதிவைப் பயன்படுத்த விரும்பினார். உரிமைக்கான செலவு மிகுதியாக இருந்ததால் அது கைகூடவில்லை. அதற்கு மாற்றாக, அதே மனநிலையில் ஒரு புதிய பாடலை உருவாக்குமாறு இசையமைப்பாளர் ஆஞ்செலோ பதலமென்ட்டியிடம் கேட்டார். லிஞ்ச் எழுதிய வரிகளுக்குப் பதலமென்ட்டி இசையமைக்க, ஜூலி குரூஸ் பாடிய ‘மிஸ்டரீஸ் ஆஃப் லவ்’ அவ்வாறு பிறந்தது. இம்மூவர் கூட்டணியே பின்னர் ட்வின் பீக்ஸ் தொலைக்காட்சித் தொடரின் இசைக்கு இட்டுச் சென்றது. கிடைக்காமல்போன ஒரு பாடல் மற்றொரு இசைமரபைத் தொடங்கிவைத்தது எனில் மிகையன்று. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1997 இல் லாஸ்ட் ஹைவே திரைப்படத்தில் லிஞ்ச் அப்பதிவை ஒருவழியாகப் பயன்படுத்தினார். ஆயினும் அப்படத்தின் இசைத்தட்டில் அது சேர்க்கப்படவில்லை.

பிந்தைய நிகழ்வுகள்

1993 இல் மூன்று தொகுப்புகளும் நான்கு குறுந்தட்டுகள் கொண்ட பெட்டியாக வெளியிடப்பட்டன. நான்காம் தட்டில் குழுவின் பதிவு எதுவும் இல்லை. குழு பாடிய பாடல்களின் மூலப் பதிவுகளே, அவற்றை முதலில் பாடியவர்களின் குரலில், அதில் தொகுக்கப்பட்டிருந்தன. தம் படைப்பை விற்கும் பெட்டியில் மூலத்தையும் வைத்து, ஒப்பிட்டுக் கேட்க வாய்ப்பளிப்பது அரிது. இவ்வொப்பீட்டில் குழுவின் வடிவம் ஒவ்வொரு முறையும் வெல்வதில்லை. சான்றாக, பிக் ஸ்டாரின் மூலப் பதிவுகளில் உள்ள உடைந்த தன்மை, ஐவோவின் மெருகேறிய வடிவங்களில் சற்றுக் குறைந்தே காணப்படுகிறது. பக்லியின் பாடலைப் பொறுத்தவரை எது சிறந்தது என்ற வழக்கு முடிவுக்கு வருவதாக இல்லை.

1998 இல் ஐவோ தி ஹோப் ப்ளிஸ்டர் என்ற புதிய குழுவின் பெயரில் மீண்டும் பிறர் பாடல்களைப் பதிவு செய்தார். இம்முறை குரல்கள் மாறவில்லை. லூயிஸ் ரட்கௌஸ்கி ஒருவரே எல்லாப் பாடல்களையும் பாடினார். 1999 இல் 4ஏடியில் தமக்கிருந்த பங்கை பெக்கர்ஸ் பாங்கெட் நிறுவனத்தின் மார்ட்டின் மில்ஸிடம் விற்றுவிட்டு, இசைத் தொழிலிலிருந்து விலகி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குடியேறினார்.

சைமன் ரேமண்ட், ராபின் கத்ரீ ஆகியோர் 1997 இல் பெல்லா யூனியன் என்ற வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டே காக்டூ ட்வின்ஸ் பிரிந்தது. கரோலைன் குராலி 2016 இலும், வான் ஆலிவர் 2019 இலும் காலமாயினர். இக்குழுவின் தொகுப்புகள் 2011 இலும் 2018 இலும் மறுபதிப்புக் கண்டன.

ஜீன் கிளார்க்கின் நோ அதர் என்ற தொகுப்பு, 1974 இல் வெளிவந்தபோது விற்பனையின்றிக் கைவிடப்பட்ட ஒன்று. ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்’ அதில் இடம்பெற்ற பாடலே. ஐவோ விலகி இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், 2019 நவம்பரில் அத்தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்ட நிறுவனம் 4ஏடி.